அக்காவின் விடுதலைப் பத்திரம்

சென்னையில் எம்.எல். முடித்துவிட்டு நான் தென்காசிக்குத் திரும்பிய வருஷம், எங்கள் வீட்டு வாசலில் என் பெயர்ப்பலகையை அப்பா தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டினார். பெயருக்குக் கீழே பி.ஏ., எம்.எல்., அட்வகேட் என்று இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று வாசித்துவிட்டுப் போனார்கள். அப்பாவின் அரிசி மண்டிக்கு வந்த ஒருவர், "அண்ணாச்சி, எம்.எல்.ஏ.ன்னு எழுத வந்தவன் கடைசி எழுத்த விட்டுட்டானா?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார். அப்பா பொறுமையாக, "பி.எல்.லுக்கு மேல ஒரு படிப்பு. நம்ம பக்கத்துல பொம்பளப் பிள்ளைல என் மவ ஒருத்திதான் படிச்சிருக்கா" என்றார்.

நாங்கள் மூன்று பேர். அண்ணன் மூத்தவன். அடுத்தது அக்கா. கடைசியாக நான். எனக்கும் அக்காவுக்கும் பத்து வயது வித்தியாசம். அம்மா படுக்கையில் விழுந்தபோது அக்கா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாள். அம்மா இறந்த பிறகும் அவள் திரும்பப் போகவில்லை. அவள் அடுப்படியில் நின்றதால்தான் நான் பள்ளிக்கூடத்துக்குப் போக முடிந்தது. இதை யாரும் வீட்டில் சொன்னதில்லை. எனக்கே வெகுகாலம் கழித்துத்தான் தோன்றியது. அவளைக் கீழப்பாவூரில் கட்டிக் கொடுத்தார்கள். விவசாயக் குடும்பம். அவளுக்குப் பிள்ளை இல்லை.

எம்.எல். படிப்பில் என்ன கற்றுக்கொண்டேன் என்று இப்போது கேட்டால் என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும். சொத்துரிமையும் இந்துச் சட்டமும் என்னுடைய பாடம். இரண்டு வருஷம் நூலகத்தில் உட்கார்ந்து பழைய தீர்ப்புகளை வாசித்தேன். அவற்றில் நிறையப் பெண்கள் வந்தார்கள். விதவைகள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், ஏதோ ஒரு தாளில் கைநாட்டு வைத்துவிட்டுப் பல வருஷம் கழித்துக் கோர்ட்டுக்கு வந்தவர்கள். சில வழக்குகளில் அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஏன் செல்லாமல் போயிற்று என்பதை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாமல் இருந்தது ஒரு காரணம். அவள் பக்கம் நின்று விளக்கிச் சொல்ல விவரம் தெரிந்தவர் யாரும் இல்லாதது இன்னொன்று. கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுக்காமல் போனது மற்றொன்று. அந்த நோட்டு, அப்படிப்பட்ட பெண்களுக்காக நான் என்றைக்காவது வாதாடும்போது உதவும் என்று நம்பினேன். எங்கள் பேராசிரியர் ஒருவர், எந்தப் பத்திரத்தையும் எழுதி முடித்ததும் அதை உடைக்க வந்தவனாக உங்களைப் பாவித்துக்கொண்டு ஒருமுறை வாசியுங்கள் என்பார். அந்தப் பழக்கம் எனக்கு நன்றாக வந்தது. வகுப்பில் என்னை விட அதை நன்றாகச் செய்தவர் யாரும் இல்லை.

பெண்களுக்கும் சொத்தில் பங்கு என்ற மசோதா அப்போது டெல்லியில் பேச்சில் இருந்தது. விடுதியில் நாங்கள் நாலைந்து பெண்கள் காலையில் ஒரே பத்திரிகையைச் சுற்றி உட்கார்ந்து அதை வாசிப்போம். நான் ஊருக்கு வந்த கொஞ்ச நாளில் அது சட்டமாகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இனிமேல் பெண்கள் என்னைத் தேடி வருவார்கள் என்று நினைத்தேன்.

யாரும் வரவில்லை. வக்கீலைத் தேர்ந்தெடுப்பது ஆண்கள். முன்சீப் கோர்ட்டில் பின் பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். வாய்க்கால் தண்ணீர், வேலி, நடைபாதை என்று வழக்குகள் நடக்கும். நான் படித்த சட்டத் தத்துவத்துக்கு அங்கே வேலை இல்லை. வாய்தா கேட்டு எழுந்து நிற்பதற்குக்கூட யாரும் என்னிடம் வக்காலத்து கொடுக்கவில்லை. மூத்த வக்கீல்கள் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். அவர்களில் ஒருவர், "நீங்க காலேஜ்ல வாத்தியாராப் போயிருக்கலாம்மா. இங்கன எதுக்கு வெயில்ல வந்து உக்காந்திருக்கிய?" என்றார். வாத்தியார் வேலைக்கும் எழுதிப் போட்டிருந்தேன். பதில் வரவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு என் முன்னறையில் உட்கார்ந்திருப்பேன். அண்ணி வெளியே யாரிடமோ, "அவ படிச்ச படிப்புக்கு மாப்பிள்ளையும் கிடைக்கல, கேஸும் கிடைக்கல" என்று சொல்வது கேட்கும். அவள் சொன்னதில் தப்பில்லை.

ஒரு மாசி மாதத்தில் அப்பா திடீரென்று இறந்துபோனார். மண்டியில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். உயில் எதுவும் எழுதியிருக்கவில்லை. இலஞ்சியில் நல்ல நஞ்சை நிலமும் ஒரு தென்னந்தோப்பும் தென்காசியில் வீடும் இருந்தன. எல்லாம் அப்பா தானே சம்பாதித்து வாங்கியவை.

ஆனி மாதம் ஒரு காலையில் அண்ணன் என் அறைக்கு வந்து உட்கார்ந்தான். அந்த அறைக்குள் அவன் அதற்கு முன் வந்து உட்கார்ந்ததே இல்லை.

"ஏட்டி, பத்திர எழுத்தர்ட்ட போயிருந்தேன். புதுச் சட்டத்துல பொம்பளப் பிள்ளையளுக்கும் பங்கு உண்டுன்னு சொல்லுதாரு. நெசமா?"

"நெசம்தாண்ணே. மூணு பேருக்கும் சமப் பங்கு."

அவன் கோபப்படவில்லை.

"இலஞ்சி வயல மூணா வெட்டுனா அது என்னத்துக்கு ஆவும்? அக்கா கீழப்பாவூர்ல இருந்து வந்து பயிர் வைக்கப் போறாளா? நீதான் வைக்கப் போறியா? நான் இருக்கும்போது உங்க ரெண்டு பேருக்கும் என்ன குறை வந்துரும்?"

அவனே மேலே பேசினான்.

"பங்க விட்டுக் குடுத்தாச்சுன்னு விடுதலைப் பத்திரம் ஒண்ணு எழுதி வாங்கிட்டா போதுமாம். அவரே எழுதுதேன்னாரு. ஆனா ஒண்ணு சொன்னாரு. நான் எழுதுனா நாளைக்கு எவனாவது ஒரு ஓட்டையக் கண்டுபிடிச்சுட்டு வருவான், உங்க வீட்டுலயே அவ்வளவு படிச்ச பிள்ளை இருக்கு, அது எழுதுனா எவனும் அசைக்க முடியாதுன்னாரு. அக்கா வீட்டு மச்சான் ஒரு மாதிரி ஆளு பாத்துக்கோ. நீயே எழுதிரு."

இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அவன் அப்படிச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் படித்த படிப்பு வேண்டும் என்று ஒருவர் என்னிடம் வந்தது அதுதான் முதல் தடவை.

நாலு காலை உட்கார்ந்து எழுதினேன். எனக்கு ஒரு பத்திரம், அக்காவுக்கு ஒரு பத்திரம். என்னுடையது சுலபம். நான் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறேன். அதை யாரும் கேள்வி கேட்க முடியாது. அக்காவுடையதுதான் வேலை. ஊர்ப் பத்திர எழுத்தர்கள் அந்தக் காலத்தில் மொட்டையாக, என் பாத்தியதையை விட்டுவிட்டேன் என்று நாலு வரி எழுதுவார்கள். அப்படி எழுதினால் உடையும் என்று எனக்குத் தெரியும். என் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு காரணமாக அடைத்துக்கொண்டு வந்தேன். "புதிய சட்டப்படி எனக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு என்பதை நன்றாக அறிந்து" என்று ஒரு வாக்கியம். உரிமை தெரியாது என்று இனிச் சொல்ல முடியாது. "சட்டத்தில் மேற்படிப்புப் படித்தவளும் என் உடன்பிறந்தவளுமான என் தங்கை எனக்கு வாசித்துக் காட்டி, விளைவுகளை விளக்கிச் சொல்ல, கேட்டு அறிந்துகொண்டு" என்று இன்னொரு வாக்கியம். விளக்க ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது.

அக்காவுக்கு வருஷா வருஷம் இத்தனை கோட்டை நெல் அண்ணன் கொடுத்து வர வேண்டும் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். மறுநாள் காலை வழக்கப்படி அதை உடைக்க வந்தவளாக வாசித்துப் பார்த்தேன். நெல் கொடுக்காமல் போனால் அதைப் பிடித்துக்கொண்டு யாரும் வழக்குப் போடலாம். பத்திரத்திலேயே பலவீனமான இடம் அதுதான். அடித்துவிட்டேன். அண்ணனிடம் சொன்னபோது, "அதுவும் சரிதான். எழுதி வைக்காட்டா நெல்லு அனுப்பாமலா இருக்கப் போறேன்?" என்றான். அதற்குப் பதிலாக, அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு, எந்த நிபந்தனையும் இல்லாமல் என்று எழுதினேன்.

அக்கா ஆடி மாதம் வந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நான் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் வாசித்தேன். நிறுத்தாமல் வாசித்தேன். கோர்ட்டில் குமாஸ்தா வாசிப்பாரே, அந்த வேகம். அவள் கீரையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்குட்டி?" என்று கேட்டாள்.

"அப்பா சொத்த அண்ணன் பேருக்கு மாத்தணும்லாக்கா, அதுக்கு."

"அது அண்ணனுக்குத்தான?"

இல்லை என்ற பதில் என் வாயில் இருந்தது. ஒரே ஒரு சொல். "ஆமா. சும்மா ஒரு நடைமுறைக்கு" என்றேன்.

"நீ சொன்னாச் சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கீரைச் சட்டியை நகர்த்தினாள்.

சார்பதிவாளர் நல்ல மனிதர். அவசரப்படாமல் அக்காவைப் பார்த்து, "இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். அக்கா ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியும். தங்கச்சி வாசிச்சுக் காட்டுனா" என்றாள். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அக்கா தன் பெயரை மெதுவாக எழுத்துக் கூட்டி எழுதினாள். பெருவிரலில் மை தடவினார்கள். அதை அவள் தன் முந்தானையில் துடைக்கப் போக, நான் ஒரு காகிதத்தைக் கொடுத்தேன்.

அன்றைக்கு நல்ல சாரல். அண்ணன் எங்கள் இருவரையும் பஸ்ஸில் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அக்காவுக்கு அருவி என்றால் உயிர். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வந்ததே இல்லையாம். பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். தண்ணீர் முதுகில் அறைய அறையச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் சின்ன வயதில் பார்த்தது. ஈரத் தலையோடு சூடாக வடை வாங்கித் தின்றோம். "அப்பா இருந்தா இன்னும் நல்லாயிருக்கும்" என்றாள். அண்ணனுக்குக் கண் கலங்கியது. அவன் நடிக்கவில்லை. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

பத்திர எழுத்தர் அந்தப் பத்திரத்தை நகல் எடுத்து வைத்துக்கொண்டார். பார்த்தவர்களிடம் எல்லாம் காட்டினார். சீசனுக்குக் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் அதை வாசித்துவிட்டு என்னை வரச்சொல்லி, இந்த ஊரில் இப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். நான் கூச்சத்தோடு நின்றேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு என் முன்னறைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். செங்கோட்டையிலிருந்தும் இலஞ்சியிலிருந்தும் கீழப்பாவூரிலிருந்தும் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் அண்ணன்மார், தம்பிமார். கூட அவர்களுடைய சகோதரி வருவாள். சில சமயம் மறுநாள் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஏன் என்னிடம் வருகிறார்கள் என்று ஒருவர் ஒளிக்காமல் சொன்னார்: "ஆம்பள வக்கீல் வாசிச்சா எங்க வீட்டுப் பிள்ள அழுவுது. நீங்க வாசிச்சுச் சொன்னா சத்தமில்லாமக் கையெழுத்துப் போட்டுருதுவ." பெண்களுக்குப் பங்கு கொடுத்த சட்டம் வந்து, அதைப் படித்த ஒரு பெண்ணுக்குத் தொழில் நடந்தது இப்படித்தான். எத்தனை பத்திரம் எழுதினேன் என்று எனக்கே தெரியாது. கோர்ட்டில் என்னை வக்கீலம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பின் பெஞ்சிலிருந்து முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

என் மனசாட்சிக்காக ஒன்று செய்தேன். அக்காவிடம் சொல்லாததை மற்றவர்களிடம் சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். கூட வந்த ஆண்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, உங்களுக்குப் பங்கு உண்டு, இதில் கையெழுத்துப் போட்டால் அது போய்விடும் என்று சொல்வேன். அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். போட்டுவிடுவார்கள். வீரகேரளம்புதூரிலிருந்து வந்த ஒரு பெண்தான் திரும்பக் கேட்டாள். முப்பது வயது இருக்கும். இடுப்பில் கைக்குழந்தை.

"போடலன்னா என்னம்மா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. உங்க பங்கு உங்களுக்கு வரும். யாரும் தடுக்க முடியாது."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "பங்கு வரும். தீவாளிக்கு நான் எந்த வீட்டுக்குப் போவேன்?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

"நீங்க உங்க அண்ணனுக்கு எழுதிக் குடுத்துட்டியளாம்மா?" என்று கேட்டாள்.

"குடுத்துட்டேன்."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

நாலைந்து வருஷம் இப்படிப் போயிற்று. அக்கா வீட்டுக்காரர் காய்ச்சலில் விழுந்து பத்தே நாளில் இறந்துபோனார். அவருடைய தம்பிகள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். அவருக்கென்று தனியாக இருந்தது கொஞ்சம். அதுவும் வைத்தியத்துக்காக அடமானத்தில் போயிருந்தது. ஒரு டிரங்குப் பெட்டியோடு அக்கா தென்காசிக்கு வந்து இறங்கினாள். அண்ணன்தான் போய்க் கூட்டிவந்தான். நெல் மூட்டை அடுக்கியிருந்த பின்னறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

கொடுமைப்படுத்தினார்கள் என்று சொல்ல முடியாது. சோறு போட்டார்கள். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து அடுப்படிக்குப் போகிறவள் அக்காவாக ஆனாள். எல்லோருக்கும் பின்னால் சாப்பிடுகிறவளும் அவளே. அண்ணி தான் கட்டிப் பழசான சேலைகளைக் கொடுத்தாள். விருந்தாளி வந்தால், "இவிய எங்க வீட்டுலதான் இருக்காவ" என்று சொல்லுவாள். எங்க வீடு என்று அவள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் முன்னறையில் எனக்குக் காதில் விழும். சட்டப்படி அவள் சொன்னது சரி. எனக்கும் அந்த வீட்டில் உரிமை கிடையாது. ஆனால் என் கையில் வருமானம் இருந்தது. என்னிடம் யாரும் அப்படிப் பேசவில்லை.

ஒரு மத்தியானம் அக்கா காபி டம்ளரோடு என் அறைக்கு வந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் கதவோரம் நின்றாள்.

"ஏட்டி, இலஞ்சி கோயில்ல ஒருத்தியப் பாத்தேன். அவ அப்பா வீட்டுல அவளுக்கு ஒரு வயல் எழுதிக் குடுத்திருக்காவளாம். பொட்டப்பிள்ளைக்கும் பங்கு உண்டுன்னு சட்டமே இருக்காமே. நெசமா?"

"நெசம்தான்க்கா."

"அப்ப நமக்கு?"

"நாம எழுதிக் குடுத்துட்டோம்."

"எப்ப?"

"அண்ணனுக்குக் கையெழுத்துப் போட்டமே. குற்றாலத்துக்குக் குளிக்கப் போனமே, அன்னைக்கு."

அவள் யோசித்தாள். நினைவு வருவது முகத்தில் தெரிந்தது.

"அதுவா அது" என்றாள். பிறகு, "நீ அப்ப சொல்லலியே" என்றாள். அதைக் குற்றமாகக்கூடச் சொல்லவில்லை. எதையோ சரிபார்த்துக்கொள்வது போலச் சொன்னாள்.

நான் காபியை எடுத்துக் குடித்தேன்.

"நீ அவ்வளவு படிச்சிருக்க. இனி ஒண்ணும் செய்ய முடியாதா?"

"பாக்கேன்க்கா" என்றேன்.

மறுநாள் பத்திரத்தின் நகலை எடுத்தேன். பத்து நாள் காலையில் கோர்ட்டுக்குப் போகுமுன் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை பாவனை இல்லை. உண்மையிலேயே அதை உடைக்க வந்தவளாக வாசித்தேன். உரிமை தெரியாது என்று சொல்லலாமா? தெரியும் என்று எழுதியிருக்கிறது. யாரும் விளக்கவில்லை? தங்கை விளக்கினாள் என்று இருக்கிறது. வற்புறுத்தல்? இல்லை என்று இருக்கிறது. சார்பதிவாளர் முன்னாலும் அப்படியே சொல்லியிருக்கிறாள். கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுக்கவில்லை? நிபந்தனையே இல்லை, நெல் பத்தியை அடித்தது என் கைதான். புதுத் தீர்ப்புகளை வரவழைத்துப் படித்தேன். திருநெல்வேலியில் ஒரு மூத்த வக்கீலிடம், யாருடையது என்று சொல்லாமல் காட்டினேன். அவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, "எழுதுனவன் கெட்டிக்காரன்மா. இதுல கை வைக்க முடியாது" என்றார்.

ஒரு வழி இருந்தது. அது எனக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. நான் சாட்சிக் கூண்டில் ஏறி, அந்த வாக்கியம் பொய், நான் அவளுக்கு விளக்கிச் சொல்லவில்லை, அவள் கேட்ட கேள்விக்குத் தவறான பதில் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அந்தப் பத்திரம் நிற்பது கஷ்டம். அவளுக்கு உண்மை தெரிந்ததே இப்போதுதான் என்பதால் வழக்குப் போடுவதற்கான காலக்கெடுவும் அவளுக்குத் தடையாக இருக்காது. என் தொழில் போகும். நான் எழுதிய மற்றப் பத்திரங்களையும் சந்தேகிப்பார்கள். அண்ணன் வீட்டை விட்டு நானும் வெளியேற வேண்டும். இதையெல்லாம் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் இவ்வளவு பெரியது இல்லை என்று இப்போது தெரிகிறது. கோர்ட்டில் முன் பெஞ்சில் இருக்கிற ஒவ்வொருவரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதை நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

பதினோராம் நாள் அடுப்படிக்குப் போனேன். "வழி இல்லக்கா" என்றேன்.

"சரி விடு. நீ பாத்துட்டா சரிதான்" என்றாள்.

அண்ணனிடம் மட்டும் பேசிப் பார்த்தேன். தோப்புக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன வயலையாவது அவள் பேருக்கு எழுதிவிடு என்றேன். அவன் யோசித்தான். "குடுக்கலாம். மனசு இல்லாம இல்ல. ஆனா என் பிள்ளையள் மூணு நிக்குதுவ. நாளைக்கு அதுக என்னய கேக்காதா? அவளுக்கு இங்கன சோறு இல்லன்னு யாரும் சொன்னாவளா?" பிறகு அமைதியாக, "எந்த நிபந்தனையும் இல்லாமன்னு நீதான எழுதுன?" என்றான். அந்த வாக்கியம் அவனுக்கு மனப்பாடமாக இருந்தது.

அதற்குப் பிறகு விடுதலைப் பத்திரம் எழுதுவதை நிறுத்தினேன். நான் நிறுத்தியதால் எதுவும் நின்றுவிடவில்லை. என் வாக்கியங்கள் அதற்குள் பத்திர எழுத்தர்கள் எல்லோர் கையிலும் இருந்தன. நன்றாக அறிந்து, விளைவுகளை விளக்கிச் சொல்லக் கேட்டு என்று எல்லாப் பத்திரத்திலும் வந்தது. விளக்கியவர் பெயர் மட்டும் மாறும். சிலதில் பெயரே இல்லாமல், விவரம் தெரிந்தவர்கள் என்று இருக்கும். என் முன்னறை பழையபடி காலியாயிற்று. அபிடவிட் எழுதினேன். பேர் மாற்றம், வயதுச் சான்று என்று சின்னச் சின்ன வேலைகள்.

அக்கா இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூட விடுதிக்குச் சமையல் வேலைக்குப் போனாள். யாரிடமும் கேட்கவில்லை. ஒரு நாள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். ஊரில் பேசுவார்களே என்று அண்ணன் கொஞ்சம் சத்தம் போட்டான். அவள் நின்று கேட்டுவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ப் பார்ப்பேன். பெரிய அண்டாக்களுக்கு நடுவில், புகையில் கண் சிவந்து இருப்பாள். விடுதியின் பின்பக்கச் சுவரைத் தாண்டினால் வயல்தான். அப்பாவின் வயலும் அங்கிருந்து தெரியும். அவள் அந்தப் பக்கம் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கூட வேலை செய்கிற பெண்களிடம், "என் தங்கச்சி. பெரிய வக்கீல். மெட்ராஸ்ல போய்ப் படிச்சவ" என்று என்னைக் காட்டுவாள். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். வழி இருந்தது அக்கா, நான்தான் மறைத்தேன் என்று. பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போவேன். அவள் ஒரு தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைப்பாள். தின்றுவிட்டு வருவேன்.

அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. தாமதமாகத்தான் சொன்னாள். தென்காசி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தாள். நான் கூடவே இருந்தேன். கடைசி இரண்டு நாள் அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. அதற்கு முந்தைய பத்து நாளும் நன்றாகத் தெரிந்தது. பேசினாள். விடுதியில் உளுந்து ஊறப்போட மறந்துவிடுவார்கள் என்று கவலைப்பட்டாள். அந்தப் பத்து நாளிலும் நான் சொல்லவில்லை.

காரியத்தை அண்ணன் குறைவில்லாமல் செய்தான். பதினாறாம் நாள் பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"அண்ணே, அன்னைக்கு அந்தப் பத்திரத்த நான் அக்காவுக்கு விளக்கிச் சொல்லல. பங்கு உண்டுன்னே சொல்லல. அவளுக்கு ஒண்ணும் தெரியாமத்தான் கையெழுத்துப் போட்டா."

அவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அது எனக்கு அப்பவே தெரியும்லா" என்றான். "அவ முகத்தப் பாத்தாலே தெரிஞ்சுதே. நீ எதையோ யோசிச்சுத்தான் சொல்லலன்னு நெனச்சேன். சட்டம் படிச்சவ நீ."

பந்தியில் ரசத்துக்குக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவன் உள்ளே போனான். போகும்போது, சாப்பிட வரச்சொல்லி என்னையும் கூப்பிட்டான். நான் போய் இலையில் உட்கார்ந்தேன்.